அப்பா பீடியை விட்ட பங்குனி

மாசிப் பனி விலகி, மலைச்சரிவில் முள்முருக்குப் பூக்கள் சிவக்கத் தொடங்கியபோது அப்பா வேறு ஆளாகிப்போனார். தேயிலைத் தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நேரமாகும்வரை கம்பளிக்குள் சுருண்டு கிடப்பவர், வெளுக்கும் முன்பே எழுந்து எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே உள்ள பாதையில் நடக்கப் போனார். பீடியை விட்டார். சம்பள நாள் சாராயத்தையும் விட்டார். அம்மா உப்பில்லாமல் ஆக்கிய கீரையை முகம் சுளிக்காமல் தின்றார்.

எனக்கு அப்போது எட்டு வயது. நானும் கூடவே நடந்தேன். பனிமூட்டம் பள்ளத்தாக்கில் தங்கி நிற்க, நாங்கள் அதற்கு மேலே போய்க்கொண்டிருப்போம். லயங்களும் கோயிலும் தொழிற்சாலையும் வெள்ளைக்குள் மூழ்கியிருக்கும். உலகத்தில் நாங்கள் இருவர் மட்டும் மிச்சம் என்று தோன்றும். அப்பா நின்று மூச்சை நெஞ்சு நிறைய இழுப்பார். நானும் இழுப்பேன். கொழுந்தின் பச்சை மணம் வயிறு வரைக்கும் இறங்கும்.

அத்தைக்கு மட்டும் இதெல்லாம் பிடிக்கவில்லை. அப்பாவின் தங்கையான அவர் எங்களோடுதான் இருந்தார். வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறிக் கண்டிக்குப் போய், பொழுது சாயும்போது சோர்ந்து வருவார். குளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறார் என்று எனக்குப் பொறாமை. நாங்கள் நடந்துவிட்டுத் திரும்பும்போது வாசலில் நிற்பார்.

"வேணாம்ண்ணே. பிள்ளைய வச்சிருக்கீங்க, யோசிங்க."

"யோசிச்சாச்சு. நீ போயி உக்காரு."

காலையில் நடப்பதற்கு இவ்வளவு யோசனையா என்று எனக்குச் சிரிப்பாக வரும்.

பீடியை விட்ட அன்று அப்பா வீசியெறிந்த பீடிக்கட்டு ஒன்றை நான் எடுத்து, துணிப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். சித்திரை வருஷப்பிறப்பன்று குளித்துப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, பரிசாக அதை அவரிடம் நீட்டினேன். அப்பா வாங்கி மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

கதவோரம் நின்ற அத்தை மெல்லச் சொன்னார்: "பத்த வைங்கண்ணே. ஒன்னே ஒன்னு. நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன்."

அப்பா எழுந்துபோய் அந்தப் பீடிக்கட்டை அடுப்பில் போட்டார்.

எனக்கு அழுகை முட்டியது. ஆனால் அத்தைதான் உடைந்து அழுதார். என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, விக்கி விக்கி அழுதார். எனக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து, "விடுங்க அத்தை, பீடிதானே" என்று அவரை நான் தேற்றினேன்.

ஆடியில் அப்பாவும் அத்தையும் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய், பல நாள் கழித்து ஆளுக்கொரு தையலோடு வந்தார்கள். அப்பாவின் சிறுநீரகங்களில் ஒன்று அத்தைக்குள் இருக்கிறது என்பதையும், அதைக் கொடுக்கத்தான் அவர் பீடியை விட்டு உடம்பைத் தேற்றினார் என்பதையும், அத்தை கண்டிக்குப் போய்வந்தது ரத்தம் சுத்திகரிக்கத்தான் என்பதையும் பெரியவளான பிறகே அறிந்தேன். அண்ணன் ஒரு பீடிக்காவது தளர்ந்துவிடமாட்டாரா என்று ஏங்கியவர், அவர் தளராததைக் கண்டு அப்படி அழுதது துக்கத்தினாலா, பிழைத்துவிடலாம் என்ற ஆசையினாலா என்று இன்றுவரை அத்தையிடம் நான் கேட்டதில்லை.