பதிவேட்டில் எரிந்தவர்

நகராட்சி மயானப் பதிவேட்டில் ஒரு வரியின் கடைசிக் கட்டத்தில் 'எரிக்கப்பட்டது' என்று இருக்கிறது. என் கையெழுத்துதான். எழுத்து அழகாகவே இருக்கிறது. எழுதியது பொய்.

நாற்பதுகளில், யுத்தம் நடந்த காலத்தில், தூத்துக்குடி நகராட்சியில் பிறப்பு இறப்பு எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். கரையில் ஒதுங்கும் பிணத்தைக் கேட்டு யாரும் வராவிட்டால் நகராட்சி மயானத்தில் எரிக்க வேண்டும் என்பது உத்தரவு. விறகுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பது நான். சீட்டைக் கிழித்த கையோடு பதிவேட்டிலும் 'எரிக்கப்பட்டது' என்று எழுதிவிடுவேன். பிணம் அப்போது வண்டியில்தான் கிடக்கும். மதம் என்று ஒரு கட்டம் உண்டு; இந்து அல்லாதவர் என்றால் எரிக்காமல் புதைக்க வேண்டும். தெரியாதவர்களுக்கெல்லாம் 'இந்து' என்று போட்டுவிடுவேன். மயானத்துக்கு ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. கேட்க ஆளில்லை என்ற திமிர், வேறொன்றுமில்லை.

கொழும்புக்குப் போன தோணி ஒன்று காற்றில் சிக்கி உடைந்தது. ஒரு மாதம் கழித்து, அதில் வேலை பார்த்த அண்ணனைத் தேடிக் காயல்பட்டினத்திலிருந்து ஒருவர் வந்தார். அண்ணனுக்கு இடது கையில் இரண்டு விரல் கிடையாது என்றார். பதிவேட்டைப் புரட்டினேன். அடையாளக் கட்டத்தில் அதுவே இருந்தது. அதோடு நிறுத்தாமல் கடைசிக் கட்டத்தையும் வாசித்துத் தொலைத்தேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க ஆள எரிச்சிட்டீங்களா? உம்மாகிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

விறகுச் சீட்டுக்காக மயானக் காவலாளி வாசலில் வந்து நின்றிருந்தார். சானிட்டரி இன்ஸ்பெக்டரும் அறையில்தான் இருந்தார். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று காவலாளிக்குத் தெரியும். இருந்தும் சொன்னார்.

"அவுகள எரிக்கலய்யா. தண்ணி ஊத்திக் கழுவயில சுன்னத்துப் பண்ணியிருந்தது தெரிஞ்சுது. மேற்கு மூலையில பொதைச்சிருக்கேன்."

இன்ஸ்பெக்டர் எகிறினார். "ஏலே, அப்ப வாங்கின வெறகு எங்கலே? வித்துத் தின்னுட்டியா?"

காவலாளி அவர் பக்கம் திரும்பாமல் தரையில் இருந்தவரைப் பார்த்துத்தான் சொன்னார். "மேல மண்ணு விழாம நீங்க பலகை வச்சு மூடுவீகல்லா. பலகைக்கு நான் எங்கன போவேன்? வெறகத்தான் நெருக்கமா அடுக்கினேன். வடக்க தல, மேக்க மொகம்."

காயல்காரர் எழுந்தார். அந்த அலுவலகத்தில் யாரும் தொடாத காவலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க அண்ணாச்சி, காட்டுங்க" என்றார். நாங்கள் எல்லோரும் 'ஏலே' என்று கூப்பிட்ட ஆள் அவர். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர்.

விசாரணை நடந்தது. விறகைப் பாழாக்கினார், உத்தரவை மீறினார் என்று காவலாளி மேல் குற்றச்சாட்டு. அந்த மதக் கட்டத்தை யாரைக் கேட்டு நிரப்பினாய் என்று என்னிடமும் கேட்டார்கள். 'யாரையும் கேட்கவில்லை, தவறு என்னுடையது' என்று நான் சொல்லியிருந்தால் அவர் தப்பியிருக்கலாம். எனக்குக் கிடைத்த தகவல் அதுதான் என்றேன். எனக்கு ஒருவரும் ஒரு தகவலும் தரவில்லை. அவர் வேலை போயிற்று. உப்பளத்தில் சுமை தூக்கப் போனார். ஒருமுறை வழியில் பார்த்தபோது, "ஒரு எட்டு வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேய்யா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை எரிகிறது.

போன மாதம் அந்த மயானத்துக்குப் போனேன். முதல் முறையாக. எல்லோரும் சாம்பலாகிப் போன அந்த இடத்தில், மேற்கு மூலையில், தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாக புதைகுழிக்கு அடையாளமாக இரண்டு மீசான் கற்கள் நிற்கின்றன. அங்கிருந்து அலுவலகத்துக்குப் போய்ப் பழைய பதிவேட்டை எடுக்கச் சொன்னேன். மை கொஞ்சமும் வெளுக்கவில்லை. திருத்த முடியுமா என்று இப்போதைய குமாஸ்தாவிடம் கேட்டேன். முடியும், யார் தவறு என்று மனு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று வெள்ளைத் தாள் ஒன்றைக் கொடுத்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்களுக்கு எழுதிவிட்டேன். அந்தத் தாளில் இன்னும் எழுதவில்லை.