வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டை அவர் செய்த நாள்

திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். அதைவிட மிமிக்ரி செய்கிறவனாகத்தான் என்னை ஊருக்குத் தெரியும். கல்யாண வரவேற்பு, சர்ச்சின் பங்குத் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா என்று இருபது வருஷமாக மேடை ஏறிக்கொண்டிருக்கிறேன். நடிகர்களின் குரல் எல்லாரும் செய்வதுதான். எனக்கென்று பேர் வாங்கிக் கொடுத்தது 'வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்ட்' என்கிற பன்னிரண்டு நிமிட ஐட்டம்.

அதற்காக ஒரு கோடை விடுமுறை முழுக்க அந்த பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்திருந்தேன். கொடைக்கானல் வண்டிக்கு ஆள் கூப்பிடும் கண்டக்டர், ஜன்னல் ஜன்னலாகக் கொய்யா விற்கும் அம்மா, வழி கேட்கும் மலையாளக் குடும்பம், கிளம்ப மறுக்கும் பழைய பஸ், மைக்கில் தூங்கி வழியும் டைம் கீப்பர் என்று ஐந்து குரல்களையும் ஒன்றாகக் கோத்து மேடைக்குக் கொண்டுவர ஒரு வருஷம் ஆனது.

எங்கள் தொழிலில் எழுதி வைக்காத சில மரியாதைகள் உண்டு. ஒரே விழாவுக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தால், முதல் நாளே போன் போட்டு யார் என்ன செய்யப் போகிறோம் என்று பேசிக்கொள்வோம். ஒருவருடைய ஐட்டத்தை இன்னொருவர் தொடமாட்டோம். நம்முடையது முடிந்ததும் கிளம்பிப் போகாமல், அடுத்தவர் செய்யும்போது கொஞ்ச நேரமாவது முன் வரிசையில் உட்கார்ந்திருப்போம்.

சாணார்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணம். பெண் வீடு எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்தவர்கள், என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீடு ஒட்டன்சத்திரம். அவர்கள் தங்கள் ஊர்க்காரர் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். என்னைவிட நாலைந்து வயது இளையவர். ரெண்டு மூன்று மேடைகளில் பார்த்திருக்கிறேன், நல்ல கலைஞர். முதல் நாள் போனில் பேசினோம். தான் மிருகங்கள், பறவைகள் செய்யப் போவதாகச் சொன்னார். பஸ் ஸ்டாண்ட் என்னுடையது என்றேன். "அது உங்களுதுதானுங்களே, நான் எதுக்குங்க தொடப் போறேன்" என்றார்.

கல்யாணம் சனிக்கிழமை. பள்ளியில் சிறப்பு வகுப்பு இருந்தது. திருப்பலி முடிந்து மண்டபத்துக்கு எல்லாரும் வந்துவிடும் நேரத்துக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். வழியில் பைக் பஞ்சர். ஒரு மணி நேரம் போய்விட்டது. மண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்தும்போதே ஸ்பீக்கரில் கேட்டது: "கொடைக்கானல், கொடைக்கானல், கொடைக்கானலேய்! உக்காந்து போலாம், உக்காந்து போலாம்!"

என் கண்டக்டர். என் இழுப்பு. உள்ளே கூட்டம் சிரித்து உருண்டது. நான் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றேன். அடுத்து பஸ் கிளம்ப மறுக்கும் இடம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த இன்ஜினை அவர் என்னைவிட நன்றாகச் செய்தார். எனக்குக் கோபம் வந்தது அந்த நொடியில்தான். வெறுமனே திருடியிருந்தால்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ.

மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் முடித்துவிட்டு, முகத்தைத் துண்டால் துடைத்தபடி இறங்கி வந்தார்.

"வாங்ண்ணா. லேட்டாயிருச்சுங்களா? உங்களுக்குத்தான்..."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "தள்ளுங்க, நேரமாச்சு" என்று மைக்கை வாங்கிக்கொண்டு ஏறினேன்.

ஏறியதும் சொன்னேன்: "இம்புட்டு நேரம் ஜெராக்ஸ் பாத்தீங்க. இப்ப ஒரிஜினல் வந்துருச்சு."

கொஞ்சம் பேர் சிரித்தார்கள். அது எனக்குப் போதவில்லை. அவர் ஊர்க்காரர்கள் பேசுகிற மாதிரியே குரலை மாற்றி, "ஏனுங்க, நம்மூருல கழுதை கத்தறதும் இப்படித்தானுங்க, ரொம்ப மரியாதையா கத்துமுங்க" என்றேன். ஒரு பக்கம் சிரிப்பு. இன்னொரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்த பக்கம், அப்படியே அமைதியானது.

அதற்கப்புறம் நான் என்ன செய்தும் எடுபடவில்லை. கால் மணி நேரம் தண்ணீரில் நடப்பது போல இருந்தது. அவர் முன் வரிசையில் உட்கார்ந்து கடைசி வரைக்கும் பார்த்தார். முடிந்ததும் கையும் தட்டினார். அதைக்கூட நக்கல் என்றே எடுத்துக்கொண்டேன்.

பந்தியில் மைக் செட்காரர் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். பத்து வருஷப் பழக்கம். பிரியாணியைப் பிசைந்தபடியே கேட்டார், "ஏன் சார் அவரை அப்படிச் சொன்னீங்க?"

"என் ஐட்டத்தைச் செஞ்சா?"

"நீங்க வாரதுக்கு முன்னாடி அவரு என்ன சொன்னாருன்னு தெரியுமா? பொண்ணு பஸ் ஸ்டாண்டுதான் வேணும்னு கேட்டுருச்சு. கூட்டம் சாப்பிட எந்திரிக்குது. பொண்ணோட அப்பா வந்து கெஞ்சுறாரு. அவரு மாட்டவே மாட்டேன்னாரு. உங்களுக்கு மூணு வாட்டி போன் போட்டாரு. கடைசில மைக்கைப் பிடிச்சு, 'இது எங்க அண்ணனோட ஐட்டம், வழியில மாட்டிக்கிட்டாரு, அவரு வார வரைக்கும் நான் ஒப்பேத்துறேன், வந்ததும் எனக்குத் தட்டுற கைய அவருக்குத் தட்டுங்க'ன்னு உங்க பேரைச் சொல்லித்தான் ஆரம்பிச்சாரு."

போனை எடுத்துப் பார்த்தேன். மூன்று மிஸ்டு கால். பஞ்சர் கடையில் நின்ற சமயம் வந்தவை. பள்ளியில் சைலண்டில் போட்டதை மாற்றவே இல்லை. அதற்கப்புறம் இலையில் கை போகவில்லை. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்க வந்தவரிடம் போதும் என்று கையைக் காட்டி எழுந்துவிட்டேன்.

தேடினேன். கிளம்பிவிட்டார் என்றார்கள். போன் போட்டேன். பஸ்ஸில் இருந்தார்.

"தம்பி, எனக்கு இப்பத்தான் தெரியும். மன்னிச்சுருங்க."

"அட விடுங்ண்ணா. மேடையில வாரதுதானுங்க."

"இல்ல, நான் பேசினது தப்பு."

பஸ் சத்தத்துக்கு நடுவே மெதுவாகச் சொன்னார்: "ஜெராக்ஸ்னு சொன்னது பரவால்லீங்க. எங்க பேச்சைச் சொன்னீங்கல்ல, அதுதானுங்க. எங்கம்மா வந்திருந்தாங்க. மாப்பிள்ளை எங்க சொந்தமுங்க."

வைத்துவிட்டார்.

அந்த வாரம் எனக்கு நிம்மதியில்லை. முந்நூறு பேருக்கு முன்னால் சொன்னதற்கு ஒரு ஆள் காதில் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். மனைவியிடம் சொன்னேன். "போன்ல சொன்னா தீந்துருமா? நேர்ல போங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் ஒட்டன்சத்திரம் பஸ் ஏறினேன்.

அவர் வீட்டில் இல்லை. அவருடைய அம்மா வாசலில் முருங்கைக்காயைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. ஒரு நாற்காலியைத் தூக்கிப் போட்டு, "உக்காருங்க" என்றார். காபி வந்தது. நான் வந்த காரியத்தைச் சொல்லி முடித்தேன். அவர் கையில் இருந்த காய்க்கட்டுக்கு முடிச்சுப் போட்டு ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்:

"நாங்க பேசறது அம்புட்டுச் சிரிப்பாவா இருக்குதுங்க உங்களுக்கு?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "இல்லம்மா. கோவத்துல கைக்குக் கிடைச்சதை எடுத்து வீசிட்டேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். சரி என்றா, இவ்வளவுதானா என்றா, எனக்குப் பிடிபடவில்லை.

மகன் வந்ததும் பேச்சு வேறு பக்கம் போனது. அந்த இன்ஜினை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். கேட்பதற்கு எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. தொண்டையில் அல்ல, மூச்சை உள்ளே இழுக்கும்போது செய்வதாகச் சொல்லி, அங்கேயே செய்து காட்டினார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மூன்று பேரும் சிரித்தோம்.

நாங்கள் நண்பர்களாகிவிட்டோம் என்று சொல்லமாட்டேன். அவர் இன்னமும் என்னிடம் ஒரு சொல் குறைவாகத்தான் பேசுகிறார். நான் மேடையில் எந்த ஊர்ப் பேச்சையும் கேலிக்கு எடுப்பதில்லை. அதனால் சில நல்ல ஐட்டங்கள் போய்விட்டன.

போன வருஷம் எங்கள் பங்குத் திருவிழாவுக்கு அவரைக் கூப்பிடச் சொன்னேன். முதலில் நான் ஏறினேன். முடித்துவிட்டு, அந்தக் கல்யாணத்தில் நடந்ததை ஒளிக்காமல் கூட்டத்துக்குச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, நான் அதைச் சிரிப்புக்காகச் சொல்லவும் இல்லை. பிறகு அவரை அழைத்துவிட்டு முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன். அவர் புதிதாக ஒன்று செய்தார். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் தக்காளி ஏலம். ஏலக்காரர், சுமை தூக்குகிறவர், லாரிக்காரர், அத்தனை பேரும் அவர் ஊர்ப் பேச்சில். ஜனம் அவரோடு சேர்ந்து சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரித்துத்தான்.

இறங்கி வந்தவர் என் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டு, "எப்பிடிங்ண்ணா?" என்றார்.

"லாரி ரிவர்ஸ் எடுக்கிற இடம் செத்த நேரம் நீளுது" என்றேன்.

யோசித்தார். "ஆமாங்க, எனக்கும் தோணுச்சு" என்று சொல்லிவிட்டு, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அடுத்து வந்த நடனக் குழுவைப் பார்க்க ஆரம்பித்தார்.