முதல் திரையில் நாமம்

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், கல்லூரி நண்பர்கள் மூன்று பேர் சொந்தமாக ஒரு கேம் இன்ஜின் எழுதக் கிளம்பினோம். எந்த விளையாட்டையும் அதன் மேல் ஓட்டலாம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டோம். முதல் வேலை, திரையில் ஒரு பந்தைத் துள்ள வைப்பது.

கூட்டாளிகள் இருவரும் சின்ன காஞ்சிபுரத்து மேதாவிகள். இன்ஜின் திறந்ததும் பெருமாள் நாமம் தெரிந்தாக வேண்டும் என்றார்கள். ஒருவன் வடகலை, மற்றவன் தென்கலை. நாமத்துக்குக் கீழே பாதம் உண்டா இல்லையா என்று ஆரம்பித்தார்கள். ஒருவன் வரைந்த பாதத்தை மற்றவன் மறுநாள் வந்து அழித்தான். ஒரு மாதம் இதே பிழைப்பு.

"பந்து எப்பப்பா வரும்?" என்று கேட்டேன்.

"உனக்கு இதெல்லாம் புரியாதுடா" என்றார்கள் இருவரும். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

கடைசியில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். சனியன் விட்டது என்று, எங்கள் வீட்டில் தறிக்குப் பக்கத்திலிருந்த கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். இனி தடுக்க ஆளில்லை. நாமத்தை முழுசாக அழித்தேன். அந்த இடத்தில், முதல் வேலையாக, வெள்ளை வெளேரென்று மூன்று கோடு விபூதிப் பட்டை போட்டேன்.

பந்து இன்றுவரை வரவில்லை.