துரையின் சாமிப் பெட்டி

எங்கள் வீட்டில் பிடிவாதத்துக்குப் பேர்போனவள் நான்தான். சோறு வேண்டாமென்று சொன்னால் மறுநாள் மதியம் வரை வேண்டாம்தான். அந்தப் பிடிவாதம் ஒரே ஒரு முறை எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியது என்று வெகுகாலம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. கோப்பெங் என்ற ஊரைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம்.

அப்பா முதலில் பால்மரம் வெட்டியவர். மழைநாளில் மேட்டில் சறுக்கி விழுந்து முழங்கால் உடைந்ததும் அந்த வேலை போயிற்று. கால் விளங்காதவனுக்குத் தோட்டத்துப் பேரேட்டில் பேர் கிடையாது. பேர் இல்லாதவனுக்குத் தொழிலாளர் லயத்தில் வீடு கிடையாது. நல்ல வேளையாக அப்பாவின் கைக்கு ருசி இருந்தது. வெள்ளைக்காரத் துரையின் பங்களாச் சமையல்கட்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஆக, எங்கள் தலைக்கு மேலிருந்த கூரை துரையின் நாக்கை நம்பித்தான் நின்றது.

துரைக்குக் கோழிக்கறியை விட்டால் மீன் பிடிப்பதில்தான் உயிர். ஈயம் தோண்டும் லம்பத்துக்காரர்கள் கீழே ஆற்றைச் சேறாக்கியிருந்தார்கள். மலைக்குள் போனால் தண்ணீர் தெளிந்திருக்கும். அங்கே கெலா மீன் உண்டு. நாங்களெல்லாம் தூண்டில் முள்ளில் மண்புழுவைக் குத்துவோம். அவரோ முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றிக் கட்டிய பொய்ப் பூச்சிகளைத் தண்ணீரில் வீசி மீனை ஏமாற்றுவார். சீமையிலிருந்து வந்த அந்தப் பூச்சிகள் இருபத்து நான்கு, ஒரு தகரப் பெட்டியில் வரிசையாகக் குத்தியிருக்கும்.

அந்த வருடம் துரை விடுப்பில் சீமைக்குப் போனார். பெட்டியை அப்பாவிடம் கொடுத்து, வாரம் ஒரு தரம் வெயிலில் காட்டி மூடிவைக்கச் சொன்னார். அப்பாவுக்குக் கிட்டத்தில் இருக்கும் பொருள் சரியாகத் தெரியாது. ஊசியில் நூல் கோக்கவே என்னைத்தான் கூப்பிடுவார். அதனால் பெட்டி என் பொறுப்புக்கு வந்தது.

முதன்முதலாகத் திறந்தபோது உள்ளே மயிலிறகு இருந்தது. தங்கச் சரிகை இருந்தது. சிவப்புப் பட்டு நூல், மஞ்சள் நூல் எல்லாம் இருந்தன. நாலு மூலையிலும் நாலு வெள்ளைக் கற்பூரம். எங்கள் வீட்டில் முருகன் படத்துக்கு முன்னால் என்னென்ன இருக்குமோ அத்தனையும் அங்கே இருந்தன. இது துரையின் சாமிப் பெட்டி என்று முடிவு கட்டிவிட்டேன். வெள்ளைக்காரனின் சாமி பூச்சி உருவத்தில் இருக்கிறதே என்று கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கற்பூரம் தீர்ந்துபோயிருந்தது. ஊரில் இல்லாத துரையின் சாமிக்கு நாலு கற்பூரம் எதற்கு? எடுத்து வந்து முருகனுக்குக் கொளுத்தினேன். கறுப்புப் புகை குபுகுபுவென்று கிளம்பி முருகனின் முகமே மறைந்துவிட்டது. கற்பூரத்தில்கூடக் கலப்படம் செய்கிறானே பாவி என்று அம்மா கடைக்காரரை ஒரு வாரம் திட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை. அது பூச்சி அரிக்காமலிருக்கப் போடும் அந்துருண்டை என்பது எனக்கு எப்படித் தெரியும்? அந்துருண்டை போட்டுப் பாதுகாக்கிற மாதிரி எங்கள் வீட்டில் என்ன இருந்தது?

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒரு மாதம் போல வெயிலே இல்லை. வெயில் வந்த அன்று பெட்டியைத் திறந்தேன். இருபத்து நான்கு முள் இருந்தன. அவற்றின் அடியில் தவிட்டுத் தூளும், கறுத்து இற்றுப்போன சரிகைத் துணுக்கும், அதில் நெளிகிற சின்னச் சின்னப் புழுக்களும் இருந்தன. வேறொன்றும் இல்லை. பொய்ப் பூச்சியை நிஜப் பூச்சி தின்றுவிட்டது.

அன்றைக்கு மாலையே தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் துரையின் கடிதத்தைப் படித்துச் சொன்னார். துரை பத்து நாளில் வருகிறார். கூடவே ஒரு விருந்தாளி. வந்த மறுநாளே ஆற்றுக்குப் போகிறார்கள். அப்பாவின் வேலை போய்விடும், லயத்து வீடு போய்விடும், ஊருக்குக் கப்பலேற்றி விடுவார்கள் என்று எனக்கு எல்லாம் புரிந்தது. அம்மாவிடம் போய்க் கற்பூரத்திலிருந்து தொடங்கி அத்தனையும் சொல்லி அழுதேன். அடி விழும் என்று முதுகைக்கூடக் குறுக்கிக்கொண்டேன்.

அம்மா என் முதுகை நிமிர்த்தி, "அழுவாத. ஒவ்வொரு பூச்சியும் எப்படி இருந்துச்சு, அத மட்டும் சொல்லு" என்றாள்.

எனக்கு எல்லாம் நினைவிருந்தது. வாரா வாரம் அவற்றைக் கும்பிட்டவள் அல்லவா? அப்பாவுக்குத் தெரியவே கூடாது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். அப்பா பங்களாவுக்குக் கிளம்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்வோம்.

மயிலிறகு சாமி படத்தின் பின்னால் இருந்தது, அப்பா தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தபோது கட்டியது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அதிலிருந்து இழை இழையாக வெட்டினாள். சிவப்பு நூல் என் அரைஞாண் கயிற்றிலிருந்து வந்தது. வெள்ளை நூலை மஞ்சளில் முக்கிக் காயவைத்தோம். கறுப்புக்கு, அம்மா தலைவாரி உருண்டையாகச் சுருட்டி வைத்திருந்த முடி. கோணிச் சாக்கைப் பிரித்தால் பழுப்பு நார் வேண்டிய மட்டும் கிடைத்தது. சரிகைக்குத்தான் திண்டாட்டம். மூன்றாம் நாள் அம்மா பெட்டியின் அடியிலிருந்து கல்யாணச் சேலையை எடுத்து, முந்தானையின் ஓரத்தைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் நீளமாக வேண்டும் என்றுதான் சொன்னேன்.

எப்படிக் கட்டுவது? அம்மாவுக்குத் தெரிந்தது பூக்கட்டுவதுதான். நூலின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, மல்லிகைக் காம்பை வைக்கிற இடத்தில் முள்ளை வைத்து, இறகைச் சேர்த்து, விரலால் சுழற்றி ஒரு இறுக்கு. முதலில் வந்தவை கதம்பத்திலிருந்து உதிர்ந்தவை போல இருந்தன. பிரித்தேன். திரும்பக் கட்டினேன். முள் குத்தி விரலெல்லாம் புண். முடிச்சு அவிழாமலிருக்க ஒரு சொட்டு ரப்பர் பால் வைத்தோம். வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்து, சாய்ந்து விழுந்ததையெல்லாம் நான் இரக்கமில்லாமல் அவிழ்த்தேன். ஆறாம் நாள் கட்டிய ஒன்றின் மேல் எங்கள் பூனை பாய்ந்தது. அதைத் தடுத்துப் பிடித்துவிட்டு நான் குதித்த குதிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். எங்களிடம் கோழியிறகு போதவில்லை. லயத்துக் கோழிகளெல்லாம் ஒரே சாம்பல் நிறம். அந்த வாரம் பார்த்து அப்பா மூன்று தரம் சேவல் கொண்டுவந்தார். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, புள்ளி போட்டது ஒன்று. துரை வருவதற்குள் மசாலாப் பதம் பார்க்க வேண்டுமாம். உடம்பு இறகையெல்லாம் பறித்தவர் கழுத்தை மட்டும் அப்படியே விட்டு, இறகும் தோலுமாக அடுப்படியில் வைத்துவிட்டுப் போவார். நாங்கள் தேடியது சரியாக அந்தக் கழுத்திறகைத்தான். முருகன் என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

துரை வருவதற்கு முந்தின நாள் இருபத்து நான்கும் பெட்டியில் ஏறின. துரை வந்தார். மறுநாள் விருந்தாளியோடு ஆற்றுக்குப் போனார். மாலையில் என் கை நீளத்துக்கு ஒரு கெலா மீனோடு திரும்பினார். நான் சமையல்கட்டு வாசலில் நின்று அதைப் பார்த்தேன். மீனின் வாயில் மாட்டியிருந்தது நான் கட்டிய சிவப்புப் பூச்சி. அன்றைக்கு என் கால் தரையில் படவில்லை.

விருந்தாளி போனதும் துரை எங்கள் மூவரையும் பின்வாசலுக்கு வரச்சொன்னார். பெட்டியைத் திறந்து படியில் வைத்தார். தோட்டத்துத் தமிழை அவர் நன்றாகவே பேசுவார்.

"மீன் ஏமாந்துச்சு. நான் ஏமாறல. இது யார் வேலை?"

நான் ஓரடி முன்னால் வைத்துவிட்டேன். அதற்குள் அப்பா பேசிவிட்டார்.

"பூச்சி அரிக்க விட்டதும் நான்தான் தொரை, திரும்பக் கட்டுனதும் நான்தான்."

எனக்குத் தலையில் இடி விழுந்தது. என் விரல் புண் இன்னும் ஆறவில்லை. ஊசியில் நூல் கோக்கத் தெரியாத மனிதர் என் பேரைத் தட்டிக்கொண்டு போகிறார். துரையும் நம்பவில்லை. என் மஞ்சள் படிந்த விரல்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒரு வெறும் முள்ளை எடுத்து அப்பாவிடம் நீட்டி, கட்டிக் காட்டச் சொன்னார்.

அப்பா விளங்காத காலை நீட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். நூலை மற்றக் காலின் கட்டைவிரலில் மாட்டினார். கண்ணை மூடிக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும். விரல்தான் வேலை செய்தது. இறகை வைத்தார், சுழற்றினார், இறுக்கினார். அசல் பூக்கட்டு முடிச்சு. பூச்சியென்னவோ யாரோ மிதித்த மாதிரி இருந்தது. ஆனால் முடிச்சு அவிழவில்லை. துரை நகத்தால் இழுத்துப் பார்த்தார், அவிழவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேலை போகவில்லை. பொறுப்பில்லாமல் இருந்ததற்குத் தண்டனையாக ஒரு மாதம் சமையல்கட்டை விட்டு அப்பாவை மாட்டுக்குப் புல்லறுக்க அனுப்பினார்கள். உடைந்த காலோடு மேட்டில் ஏறி இறங்கினார். பொய் சொன்னதற்கு நன்றாக வேண்டும் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. அந்த மாதம் முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. புல்கட்டை இறக்கிவிட்டுத் தண்ணீர் கேட்பார். செம்பை டொக்கென்று வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே குடிப்பார். ஒரு வார்த்தை கேட்கமாட்டார்.

அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய சமையல் கத்திகளை வைத்திருந்த மரப்பெட்டியை ஒழித்தேன். அடியில் ஒரு துணி முடிச்சு இருந்தது. அவிழ்த்தால், கோழியின் காலைக் கட்டும் தடித்த வெள்ளை நூலில் கட்டிய பூச்சிகள். பதினோரு பூச்சிகள், ஒன்றை விட ஒன்று கோணல். முதல் நாலைந்தில் முடிச்சே விழவில்லை. கிட்டத்தில் கண் தெரியாதவர், நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிய அதே நாட்களில், யாருமில்லாத பங்களாச் சமையல்கட்டில் உட்கார்ந்து கட்டிப் பழகியிருக்கிறார். மூன்று சேவலும் ஏன் வந்தன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்குப் பின்வாசலில் அப்பா துரையிடம் சொன்னது ஒரே வரிதான். அதில் 'திரும்பக் கட்டுனதும் நான்தான்' என்ற பின்பாதி மட்டுமே என் காதில் விழுந்தது. அதை வைத்துக்கொண்டுதான் ஒரு மாதம் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன்.