மூச்சுக்குழாய் வரை வந்தது

ஒரகடத்தில் கார் சீட் உறை தைக்கும் கம்பெனியில் என் மனைவி லைன் லீடராக இருந்தாள். அத்தனை மெஷின் ஓடும் சத்தத்தையும் மீறி அவள் குரல் கடைசி ஆள் வரைக்கும் போகும் என்பார்கள். மண்ணூரில் பிறந்த என் அத்தை மகள். கல்யாணத்துக்குப் பிறகும் என்னை மாமா என்றுதான் கூப்பிட்டாள்.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தவள், அடையாள அட்டைக் கயிறு கழுத்தில் உறுத்துகிறது என்றாள். தொட்டுப் பார்த்தேன். வலப் பக்கம் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. சென்னை ஆஸ்பத்திரியில் ஊசி குத்திச் சோதித்துவிட்டுத் தைராய்டு புற்றுநோய் என்றார்கள். புற்றுநோயிலேயே இதுதான் பெரும்பாலும் குணமாகிவிடும் என்றும் சொன்னார்கள். எங்கள் ஊரான பென்னலூரில் பார்த்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னோம். அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களில் அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

ஒரு வருஷம் கழித்துக் குரல் கரகரத்தது. பிறகு வெறும் காற்றாகிப் போனது. ஸ்கேன் எடுத்தால், மறுபடி வளர்ந்த கட்டி மூச்சுக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்திருந்தது. இந்த நோய்ச் செல்களை அழிக்கக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் மருந்தையும் அது உறிஞ்சவில்லை.

மற்றவர்களுக்குக் குணமாகிறதே, இவளுக்கு மட்டும் ஏன் என்று அங்கிருந்த பெண் டாக்டரிடம் தனியாகக் கேட்டேன்.

"செல்லுக்குள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு ரொம்பச் சின்னத் துணுக்குகள் இருக்கு. எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யணும்னு அடக்கி வைக்கிறதுல அதுங்களுக்குப் பெரிய பங்கு. புற்றுநோய்ல அந்தத் துணுக்குகளோட அளவு மாறிடும். சிலது எக்கச்சக்கமா ஏறிடும், சிலது ரொம்பக் குறைஞ்சிடும். அப்போ செல்லுங்க ஒண்ணையொண்ணு விட்டுப் பிரிஞ்சு, பக்கத்துல இருக்கறதை அரிச்சுக்கிட்டு உள்ள போகும். இவங்களுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும்னு நினைக்கிறோம்."

"அந்த அளவைத் திருப்பி வெக்க மருந்து இல்லீங்களா மேடம்?"

"ஆராய்ச்சி நடக்குது. இவங்களுக்குக் குடுக்கற மாதிரி இன்னைக்கு எதுவும் இல்லைங்க."

நானும் கம்பெனி ஆள்தான்; வெட்டுகிற பாகத்தின் அளவு தவறினால் மெஷினை நிறுத்திச் சரிசெய்வதுதான் என் பிழைப்பு. அன்றைக்கு அந்த நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் காதருகே வந்து கேட்டாள்: "டாக்டரு இன்னா சொன்னாங்க மாமா?"

"உள்ள ஏதோ ஏறி எறங்கிக்கீதாம். மாத்திர தராங்க."

"எது ஏறிக்கீது?"

"பேரு வாயில நொழையல."

"சரி, வுடு," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன்பிறகு அவள் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அவள் தங்கை வேண்டிக்கொண்டதற்காக வல்லக்கோட்டைக்குப் போனோம். சன்னதியில் கூட்டம் முருகா என்றபோது இவள் வாய் மட்டும் அசைந்தது. வெளியே வந்து செருப்பைத் தேடுகிற சாக்கில் வெகுநேரம் குனிந்தே நின்றாள்.

மூச்சு முட்ட ஆரம்பித்ததும் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். சளி அடைக்காமலிருக்க அதன் உள்குழாயைக் கழற்றிக் கழுவி மாட்ட நர்ஸ் கற்றுக்கொடுத்தார். ஐந்து மாதம் அதைச் செய்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் கம்பெனி பஸ் வருவதற்கு முன், உள்குழாயைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவள் கண் திறந்திருந்தது. மூச்சு இல்லை. இருந்தும் குழாயைத் துடைத்து அவள் கழுத்தில் மாட்டினேன்.