போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறவள்

என் தங்கையை அலுவலகத்தில் ‘புள்ளி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு புள்ளியைக்கூட விடமாட்டாள். நான் எட்டாவதோடு நின்றவள், துணிக் கிடங்கில் மூட்டை கட்டுகிறேன். அவள் அதே கிடங்கின் மாடியில் எழுத்தர். ஆட்கள் வந்து சொல்வதை ‘இன்னார் இப்படிச் சொன்னார்’ என்று ஆங்கிலத்தில் எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

அதில் ஒரு சங்கடம் உண்டாம். “அவர் சொன்னது நேத்தோட முடிஞ்சுபோச்சு அக்கா. அதனால சொன்ன விஷயத்தையும் இறந்தகாலமா மாத்தறதுதான் வழக்கம். ஆனா அது இன்னிக்கும் அப்படியே இருந்தா நிகழ்காலமாவே விடலாம்” என்பாள். அதனால் எழுதுமுன் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவாள். கூரை ஒழுகுகிறது என்று ஒருவர் சொன்னதற்குக் குடையோடு போய் அதன் கீழே நின்றவள்!

அன்று லிப்ட்காரர் சொன்னது இது: “சரக்கு லிப்ட் பிரேக் பிடிக்க மாட்டேங்குது.” நான் தினமும் மூட்டைகளோடு ஏறுகிற லிப்ட்.

மேலாளர், “நேத்தே சரி பண்ணியாச்சு. பிடிக்காம இருந்துச்சுன்னு போட்டு அனுப்பும்மா. பதினோரு மணிக்குச் சரக்கு ஏறணும்” என்றாராம்.

“பார்த்துட்டுப் போடறேன் சார்.”

“லிப்டுக்கு நாடி பிடிக்கப் போறியா?” என்று சிரித்துக்கொண்டே அவரும் பின்னால் வந்தார்.

நான் தண்ணீர் பாட்டிலோடு லிப்டுக்குள் ஒரு கால் வைத்திருந்தேன்.

“அக்கா, இறங்கு.”

“ஏண்டி, என் வேலையைக் கெடுக்கறே?”

“இறங்குன்னா இறங்கு.”

பதினான்கு மூட்டைகளை மட்டும் ஏற்றி, வெளியிலிருந்தே பொத்தானை அழுத்தச் சொன்னாள். கம்பிக் கதவு வழியே அண்ணாந்து பார்த்தோம்; லிப்ட் மூன்றாவது மாடியில் நின்றது. மேலாளர் “பார்த்தியா?” என்று வாயெடுத்தார். அதற்குள் ஒரு சாண் வழுக்கியது. அப்புறம் விழுந்தது.

சத்தம் கேட்டதாகவே எனக்கு நினைவில்லை. தூசிதான் தெரிந்தது. அது அடங்கியபோது, நான் வழக்கமாக நிற்கிற மூலையில் லிப்டின் மேல்தகடு மடிந்து உட்கார்ந்திருந்தது. பாட்டில் கையை விட்டு நழுவியதை லிப்ட்காரர் சொல்லித்தான் பார்த்தேன். தங்கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

என்னை விடாமல் மாடிக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு காகிதத்தை எடுத்தாள்.

“என்ன எழுதப் போறே?” பின்னாலேயே வந்த மேலாளர் கேட்டார்.

“அவர் சொன்னதை நிகழ்காலத்துல. நீங்க சொன்னதையும் எழுதணும் சார். சரி பண்ணியாச்சுன்னீங்களே, யார் வந்து பண்ணாங்க?”

அவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, “யாரும் வரலம்மா” என்றார்.

அதையும் எழுதினாள். அன்றைக்கு மட்டும் அவள் வரிகள் கோணியிருந்தன.