அப்பா வாங்கிய பள்ளிக்கூட வண்டி

அந்த வண்டியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இதை நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள்.

எங்கள் ஊரிலிருந்து பாளையங்கோட்டைக்கு மூன்று மைல். பெண்பிள்ளைகள் ரோட்டில் நடந்து போனால் மரியாதை இல்லை என்பதால், பள்ளிக்கூடமே திரை போட்ட மாட்டுவண்டி ஒன்றை அனுப்பும். இருபக்கமும் பலகை, பத்துப் பேர் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்து போவோம். கட்டுப்படியாகவில்லை என்று பள்ளிக்கூடத்தார் அந்த வண்டியை விற்க வந்தபோது, அம்மாதான் அப்பாவை நச்சரித்து வாங்க வைத்தாள். "பிள்ளைகளைக் கொண்டுவிடுவது இனி என் பொறுப்பு" என்று அப்பாவும் பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைசானியிடம் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை நம்பித்தான் கொடுத்தார்கள்.

வண்டி வீடு வந்து சேர்வதற்குள் அப்பாவின் பேச்சு மாறிவிட்டது. தச்சரைக் கூப்பிட்டுப் பலகைகளைப் பெயர்த்தார். வைக்கோல் பரப்பி மேலே பத்தமடைப் பாய், சாய்ந்துகொள்ளத் திண்டு, மாட்டுக்கு வெண்கல மணி. வண்டியில் எழுதியிருந்த பள்ளிக்கூடப் பெயரின் மேல் பச்சை வர்ணம். பெயர்த்த பலகைகளைக் குதித்துக் குதித்துத் தொழுவத்தில் கொண்டுபோய்ப் போட்டவள் நான்தான்.

"பிள்ளைக எங்கன உக்காரும்?" என்று அம்மா கேட்டாள்.

"எழுத்துக்கூட்டி வாசிக்காள்லா, அது போதும்ளா" என்றார் அப்பா, என்னைக் காட்டி.

ஆனித் தேருக்குத் திருநெல்வேலி கிளம்பினோம். அம்மா ஏறவில்லை. பட்டுச்சேலையோடு வண்டிக்குப் பின்னால் நடந்தாள். பெண்பிள்ளைகள் நடக்கக்கூடாத அதே ரோட்டில், உச்சி வெயிலில். எதிரே வந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

"ஏளா, ஊரே பாக்குது. ஏறு" என்று அப்பா பல்லைக் கடித்தார்.

"பாக்கட்டும். பலகைய திரும்ப அடிங்க, ஏறுதேன்." அம்மா குரலைத் தாழ்த்தவே இல்லை.

அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. இன்னும் அரை மைல் அம்மா நடந்திருந்தால் தச்சரைத் திரும்பக் கூப்பிட்டிருப்பார், நிச்சயம். அதற்குள் வண்டியை நிறுத்தச் சொன்னார். "படிக்கப் போறவ அவதான? அவகிட்டயே கேளு" என்றார். எட்டு வயதுக் குழந்தையிடம் கேட்கிற கேள்வியா அது? கெட்டிக்காரர், என் பதில் என்னவென்று அவருக்குத் தெரியும்.

அம்மா திரையை விலக்கினாள். முகமெல்லாம் வியர்வையும் புழுதியும். "ஏட்டி, உனக்குப் பள்ளிக்கூடம் போணும்லா?"

"வேண்டாம்மா. பலகை குத்தும். இதுல படுத்துக்கிட்டே போலாம்" என்றேன். மற்ற ஒன்பது பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் பதில் சொல்கிறேன் என்று எனக்கு எங்கே தெரியும்?

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வண்டியில் ஏறி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடந்த சண்டையை நான்தான் தீர்த்து வைத்தேன் என்று, அன்றைக்குத் தேர் பார்க்க வந்திருந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.